டிக்கியில் இடமிருக்கிறது

கார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் காதை வைப்பார்கள். சிலர் கதவைத் திரும்பத் திரும்ப அடித்துச் சாத்திப் பார்ப்பார்கள். சிலருக்குக் கோர்ன் சத்தம் ஒன்றே போதும். இவர்கள் எல்லாரும் சாதாரண மனிதர்கள். நான் உங்களுக்குக் காட்டப்போகும் பிறவி வேறு. அவர் காரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். நேரே பின்னுக்குப் போய், டிக்கியைத் திறந்து, இடுப்பு வரை உள்ளே நுழைந்து, அந்தப் பக்கத்தை முழத்தாலும் இந்தப் பக்கத்தைச் சாணாலும் அளந்து, சுவாமி தரிசனம் முடித்தவர் மாதிரி வெளியே வருவார். “இதிலை ஒரு கண்டுக்குட்டி நிண்டபடி போகும்,” என்பார். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இனத்துக்கு நான் டிக்கியர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

டிக்கியருக்குச் சொந்தத்தில் கார் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அடுத்த வீட்டுக்காரன் மாட்டு வண்டிலில் மூட்டை ஏற்றினாலும், எதிர்வீட்டுப் பெண் றங்குப்பெட்டியை மூடினாலும், எங்கிருந்தோ மணம் பிடித்து வந்துவிடுவார். “தள்ளுங்கோ, நான் அடுக்கிறன்,” என்பார். நீங்கள் அடுக்கிவைத்த எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து நிலத்தில் பரப்புவார். ஏன் என்று கேட்காதீர்கள். பிறர் அடுக்கிய அடுக்கில் அவர் ஒருநாளும் கைவைப்பதில்லை, அத்திவாரத்திலிருந்துதான் தொடங்குவார். அவருடைய அகராதியில் ‘போகாது’ என்ற சொல் கிடையாது. ‘இன்னும் போகேல்லை’ என்பதுதான் உண்டு.

எங்கள் இரணைமடுக் குடியேற்றத்து டிக்கியர் பெயர் கதிர்காமநாதன். வயல் இரண்டு போகம் ஒழுங்காக விளைந்த துணிச்சலில், யாழ்ப்பாணத்தில் ஒரு டாக்குத்தர் கைவிட்ட காரை வாங்கி வந்திருந்தார். அது எந்தக் கொம்பனிக் கார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு பதிலாக டிக்கியைத் திறந்து காட்டுவார்.

அந்த டிக்கியில் அவருக்கு ஒரேயொரு மனவருத்தம். அதற்குள் கார் தன் சொந்தச் சாமான்களைக் கொண்டுவந்து குடியிருத்தியிருந்தது. ஸ்பெயர் சில்லு ஒன்று. ஜாக்கி ஒன்று. எஞ்சினைக் கிளப்ப முன்னால் கொடுத்துச் சுழற்றுகிற கம்பி, காற்றடிக்கிற பம்பு, றேடியேற்றருக்குத் தண்ணீர்த் தகரம், நட்டுத் திருகும் சாவிகள் கிலுகிலுக்கும் சாக்குப்பை. வாடகை கொடுக்காமல் குந்தியிருக்கிற சொந்தக்காரரைப் பார்ப்பது போலத்தான் அவர் இவற்றைப் பார்ப்பார். “ஓடுற சில்லு நாலு கிடக்கேக்கை, ஓடாத சில்லுக்கு ஏன் இவ்வளவு இடம்?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் என்ன சொல்வேன்? நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். ஆத்திர அந்தரத்துக்கு எனக்கும் கார் வேண்டும்.

இனிக் கமலாசனியின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பெண் அவள். பளையைச் சேர்ந்த யோகலிங்கத்தைக் கட்டி, தலைப்பிள்ளை பெற்று, முப்பத்தொண்டாம் நாள் துடக்கும் கழித்து, பிள்ளையோடு முதன்முதல் புருஷன் வீட்டுக்குப் போக இருந்தாள். பளை மாமி இலேசான ஆள் அல்ல. “குடியேற்றத்துச் சனம் வந்தால் நெல்லுச் சாக்கோடைதான் வரும், வேறை என்ன கிடக்கு அவையிட்டை,” என்று கல்யாணத்தன்றே பந்தலுக்குள் நின்று சொன்னவர். கமலாசனி அதை மறக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் வேலைசெய்த அவள் தமையன் மருமகனுக்கு ஒரு பிள்ளை வண்டில் அனுப்பியிருந்தான். கறுப்புக் குடை, வெள்ளிக் கம்பி, நாலு பெரிய சில்லு. தள்ளினால் சத்தமில்லாமல் உருண்டது. குடியேற்றமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

“பளைச் சந்தியிலை இறங்கி, பிள்ளையை இதிலை கிடத்தி, நான்தான் தள்ளிக்கொண்டு அந்தப் படலைக்குள்ளை போவன்,” என்று கமலாசனி சொல்லியிருந்தாள். பயண நாள் புதன்கிழமை. உச்சிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்கு முன் போய்ச் சேரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“பஸ்சிலை ஏன்? என்ரை கார் கிடக்கு,” என்றார் கதிர்காமநாதன். அத்துடன் நிறுத்தியிருந்தால் அவர் நல்ல மனிதர். ஊர் முழுக்கக் கேட்கும்படி, “டிக்கியிலை இடம் கிடக்கு, பளைப்பக்கம் ஆருக்கும் ஏதும் குடுக்கிறதெண்டால் தாங்கோ,” என்றும் சொல்லிவிட்டார்.

பளைப்பக்கம் யாருக்கும் எதுவும் கொடுக்க இல்லாதவர் எங்கள் ஊரில் இருக்கிறாரா? எல்லாருமே அங்கிருந்து வந்து குடியேறியவர்கள். விடியுமுன் காருக்குப் பக்கத்தில் பூசணிக்காய்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. புது அரிசி வந்தது. தயிர்ச் சட்டி வந்தது. தேன் போத்தல், முருங்கைக்காய்க் கட்டு, யாரோ ஒருவரின் அத்தானுக்கு ஓர் உரல். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் ஆதம்பாவா முதலாளி கொக்கிளாய்க் கருவாட்டுச் சாக்கு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

“பளைக் கடையிலை இறக்கிவிட்டால் காணும் அண்ணன். இடம் இல்லையெண்டால் சொல்லுங்க, நான் லொறியிலை போட்டுவிடுறன்.”

இடம் இல்லையென்றால். ஒரு டிக்கியரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? கதிர்காமநாதன் சாக்கைப் பறித்தே எடுத்தார்.

வண்டிலை அவர் மறக்கவில்லை. அத்திவாரமாக அதைத்தான் முதலில் வைத்தார், குடையை மடக்கி, சில்லு மேலே பார்க்க. அந்த நாலு சில்லுக்கும் நடுவில் உரல் அளவெடுத்துச் செய்தது போல இறங்கியது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். உரலுக்குள் தேன் போத்தல்கள், போத்தல்களுக்கு அணையாகக் கருவாடு, கருவாட்டின்மேல் அரிசி. பூசணிக்காய்கள் மட்டும் மிஞ்சின. டிக்கியர் ஸ்பெயர் சில்லைப் பார்த்தார். ஸ்பெயர் சில்லு என் வீட்டு வேலியோரம் போய்ச் சாய்ந்தது. ஜாக்கியும் பின்னால் போனது. கம்பி, பம்பு, தகரம் எல்லாம் போயின. மூடி சாத்தவில்லை, கயிறு வந்தது. அப்படியும் பூசணிக்காய் ஒன்று மிஞ்சியது. அதை என் மடியில் வைத்தார்கள். வழித்துணைக்கு என்று என்னை அழைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அவர் மனைவி விமலேஸ்வரி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “கலியாணம் முடிச்சு வந்த அண்டைக்கு எனக்கும் மடியிலை அம்மி,” என்று என்னிடம் சொன்னார். “நீங்கள் தப்பியிட்டியள்.”

பரந்தனைத் தாண்டும்வரை பயணம் ஆனந்தமாக இருந்தது. கதிர்காமநாதன் பாடிக்கொண்டே ஓட்டினார். யோகலிங்கம் தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தான். கருவாட்டு மணத்தில் பிள்ளை மட்டும் நிம்மதியாகத் தூங்கியது. ஆனையிறவுக்கு இந்தப்பக்கம், ஒரு மரநிழல்கூட இல்லாத வெளியில், காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. ரயருக்குக் காற்றுப் போய்விட்டது.

ஸ்பெயர் சில்லு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கமலாசனி சூரியனைப் பார்த்தாள், வீதியைப் பார்த்தாள். நல்லகாலம், யாழ்ப்பாணம் போகிற பஸ் தூரத்தில் புழுதியோடு தெரிந்தது. யோகலிங்கம் சட்டியோடு ஓடி மறித்தான். பஸ் நின்றது.

“மாமா, வண்டிலை எடுத்துத் தாங்கோ. நாங்கள் உதிலை போறம்,” என்றாள் கமலாசனி.

கதிர்காமநாதன் டிக்கிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“பிள்ளை, வண்டில் அடியிலை கிடக்கு. அதை உருவினால் எல்லாம் குலைஞ்சு போகும்.”

“குலைஞ்சால் பிறகு அடுக்கலாம்தானே மாமா.”

“இப்பிடி ஒரு அடுக்கு இனி வராது.” அவர் குரல் தழுதழுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பில்லை. “நீ பிள்ளையோடை போ. வண்டில் பின்னாலை வரும்.”

கண்டக்டர் மணியில் கைவைத்தபடி எங்களைப் பார்த்தான். பஸ்சிலிருந்த முழுச் சனமும் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது. அந்த நேரம் கமலாசனியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அவள் வாதாடவில்லை. பிள்ளையைத் தூக்கி அப்படியே கதிர்காமநாதனின் கையில் கொடுத்தாள். “தலையைப் பிடியுங்கோ மாமா, கழுத்து நிக்காது,” என்றாள்.

மாதம் ஒன்றான பிள்ளையை வைத்திருக்கிற மனிதனால் என்ன செய்ய முடியும்? அவர் சிலையாக நின்றார். அவள் கயிற்று முடிச்சை இழுத்தாள். டிக்கி வாயைத் திறந்தது. பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாக இறங்கி, அவசர வேலை இருக்கிறவை போல வாய்க்காலை நோக்கி உருண்டன. அரிசி இறங்கியது, கருவாடு இறங்கியது. உரலை நானும் யோகலிங்கமும் இறக்கினோம். கண்டக்டர் வண்டிலை ஒரே தூக்கில் பஸ்சின் கூரைக்கு ஏற்றினான். அங்கே வேறு சாமானே இல்லை. அத்தனை பெரிய கூரையில் அது ஒன்று மட்டும் ராசா மாதிரி நின்றது.

கமலாசனி பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினாள், யோகலிங்கம் தயிர்ச் சட்டியோடு பின்னால் ஏறினான். எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. மடியில் இருந்த பூசணிக்காய் இப்போது கையில் இருந்ததால் தட்டவில்லை.

கதிர்காமநாதன் பஸ்சின் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எவ்வளவு இடம்,” என்றார்.

நான் வேறொரு பஸ்சில் ஊருக்குத் திரும்பி, வேலியோரம் கிடந்த சில்லையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் ராகுகாலம் வந்து போய்விட்டது. அதற்குள் அவர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கியிருந்தார். முகம் மட்டும் தெளியவில்லை. வண்டில் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதாம். ஆனையிறவில் காரை நிறுத்தி இரண்டு மூட்டை உப்பு வாங்கி அந்த இடத்தில் வைத்த பிறகுதான் மனிதர் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பளையில் நாங்கள் இறங்கும்போது பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் கண்ட காட்சி இது: கறுப்புக் குடை விரித்த வண்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது, திரும்பி வருகிறது. தள்ளுகிறவர் பளை மாமி. ஒவ்வொரு படலையிலும் நின்று, “மருமோளின்ரை தமையன் கொழும்பிலையிருந்து அனுப்பினது,” என்று சொல்லிக்கொண்டு தள்ளுகிறார். உச்சிக்கு முன் கமலாசனி அதைப் படலைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாளாம். மாமி வீதிக்கே வந்து வாங்கினாராம். அதன்பிறகு கைப்பிடியை மற்ற ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். கமலாசனி விறாந்தையில் கால் நீட்டி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான சிரிப்பைக் கண்டதில்லை.

கதிர்காமநாதன் தான் தோற்றுவிட்டதாக நினைத்திருப்பார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? அவர் நேரே வண்டிலடிக்குப் போனார். குனிந்தார். சாணால் அளந்தார்.

“என்ன பாக்கிறியள்?” என்று கேட்டார் மாமி.

“ஒண்டுமில்லை அக்கா. பிள்ளையின்ரை காலுக்கு அங்காலை இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. பிள்ளையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கிடத்தினால் ஒரு பூசணிக்காய் வைக்கலாம்.”

இவ்வளவு நேரமும் நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டு அலுமாரிக் கதவை எப்போதாவது முதுகால் தள்ளிச் சாத்தியிருக்கிறீர்களா? பயணப்பெட்டிக்கு மேல் பிள்ளைகளை ஏற்றி இருத்திப் பூட்டியிருக்கிறீர்களா? இதை வாசித்து முடித்ததும் இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அடுக்கில் செருகப் போகிறீர்கள். அங்கே இடமில்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் இரண்டு புத்தகத்தைப் பெருவிரலால் விலக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ‘போகும்’ என்று உங்கள் வாய் முணுமுணுத்தால், உடனே பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலையைப் பிடிக்க மறக்கவேண்டாம். உங்கள் இனத்தவரை அடக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.