சோறும் கறியும் ஒரே வரியில்

“தங்கச்சி, அஞ்சு வரி அடிச்சு அடிச்சு விரல் நோகுது. ஒரு வரியில கூப்பிட ஏலாதோ?”

முதலாளி சுபாஸ்கரன் போன கிழமை கேட்ட இந்தக் கேள்விதான் தாட்சாயினியைப் பிடித்து ஆட்டியது.

மொன்ட்ரியால்-நோரில் இருந்த அவருடைய சமையல்கூடத்துக்கு, கலியாணச் சாப்பாட்டுக்கு அளவு சொல்லும் கணினி நிரல்களை, பைத்தான் மொழியில் ஒரு பொதியாக அவள் எழுதியிருந்தாள். சோறு, கறி, வடை, பாயசம், உப்பு என்று ஐந்து கோப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘எவ்வளவு’ என்றொரு கட்டளை. ஐந்தையும் உள்ளே கூப்பிட ‘இம்போர்ட்’ என்று ஐந்து வரிகள் அடிக்க வேண்டும்.

“ஏலும் அண்ணை.” அன்றைக்கு அவள் வாய் முந்திவிட்டது.

பொதியின் வாசல் கோப்பில் ஐந்தையும் வரிசையாகச் சேர்த்தாள். ஒரே வரி!

நாளைக்கு லொங்குய்யில் முந்நூறு பேருக்குக் கலியாணம். இன்று மத்தியானத்துக்குள் சாமான் சொல்லியாக வேண்டும். பிசகினால் அவளுக்குக் கணினி இல்லை, பழையபடி வடைச்சட்டிதான்.

“சோறு எவ்வளவாம்?” சுபாஸ்கரன் பின்னால் நின்று கேட்டார்.

“ரெண்டு கிலோ.”

“முந்நூறு பேருக்கோ? என்ன, கோழிக்குப் போடவோ?”

ஒரே பெயருள்ள ஐந்து ‘எவ்வளவு’ம் ஒரே வாசலால் நுழைந்ததில், கடைசியாக வந்த உப்பு மற்ற நாலையும் தள்ளிவிட்டு நின்றது. சோற்றைக் கடைசிக்கு மாற்றினாள்.

“இப்ப உப்பு நாப்பது கிலோவாம், அண்ணை.”

“ஐயோ, பொம்பிளை பகுதி கேஸ் போடும்!”

கட்டளைகளுக்கு வெவ்வேறு பெயர் வைத்தாள். அந்த உற்சாகத்திலேயே, கறி கூடினால் சோறு குறையட்டும் என்று சோற்றைக் கறியிடமும் கறியைச் சோற்றிடமும் அளவு கேட்க வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி.

“சோறு வந்தாத்தான் கறி வருமாம். கறி வந்தாத்தான் சோறு வருமாம்.”

“நீங்கள் முதல் இருங்கோ, நீங்கள் முதல் இருங்கோ எண்டு சம்பந்திமார் பந்தியில நிக்கிற மாதிரி! மத்தியானமாகுது, பிள்ளை!”

அவள் கண் வடைச்சட்டிப் பக்கம் போனது.

மூலை மேசையில் ஓடர் எடுக்கிற அக்னெஸ் தலையை நீட்டினாள்.

“லொங்குய்க் கலியாணமோ? காலமையே சாமான் சொல்லிப்போட்டன். பழைய பொதி என்ரை கம்பியூட்டரில கிடக்கு. அஞ்சு வரியும் வடிவா ஓடுது.”

“ஆரைக் கேட்டு நீ…” சுபாஸ்கரன் சீறினார்.

“ஆரைக் கேக்கிறது? இவ்வளவு நாளும் அந்த அஞ்சு வரியையும் அடிச்சது நான்தானே, அண்ணை. எனக்கு ஒரு விரலும் நோகேல்லையே!”

சுபாஸ்கரன் ஜக்கெற்கூடப் போடாமல், கதவைத் திறந்து பனிக்குள் இறங்கிப் போனார்.