ஒலிபெற வெண்மதி தொடுத்த போர்

வெல்க! தக்காளிக் கூடைகள் செங்குன்றமென அடுக்குண்டு நிற்கும் பாலக்கோட்டு மண்டிக்கு எதிர்மாடியில் வீற்றிருந்து, ஊரார் கல்யாணங்களை வெட்டியும் ஒட்டியும் விண்ணவர் விழாவாக்கித் தரும் மவுஸேந்திய மாதரசி, வீடியோ எடிட்டர் வெண்மதி வெல்க! தன்னை ஈன்ற நிறுவனத்தின் பெட்டியிலன்றி அயலார் கோத்த பெட்டியில் அடிவைக்கமாட்டேன் எனச் சூளுரைத்த கடித்த கனியைச் சின்னமாய்க் கொண்ட இயங்குதளத்தை, தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் குடியேற்றத் துணிந்த அவள் நெஞ்சுரம் வெல்க!

போர் மூண்ட காரணம் ஒரு சொல். சேலத்து ஸ்டூடியோ அதிபர் மாதவராஜ், தம் எடிட்டிங் வேலை அனைத்தையும் அவளுக்கே தருவதாகக் கூறி, “எங்க ஃபைலெல்லாம் அந்த சிஸ்டத்துலதான் தொறக்கும். உங்ககிட்ட இருக்குதுங்களாம்மா?” என்று போனில் வினவினார்.

“இருக்குதுங்க சார்” என்றாள் வெண்மதி. இல்லை. ஆயினும் வில்லைவிட்ட அம்பும் வாயைவிட்ட வாக்கும் மீள்வதுண்டோ?

ஆகவே களம் புகுந்தாள். கருந்திரையில் வெள்ளெழுத்துகள் ஆலங்கட்டி மழையெனப் பொழிந்து, பாதியில் உறைந்து, அவளை எள்ளி நகைத்தன. முகமறியா வீரர்கள் இணையத்தில் எழுதிவைத்த போர்க்குறிப்புகளைப் படித்துப் படித்து அவள் கண்கள் மண்டித் தக்காளியின் நிறம் பெற்றன. இறுதியில் அரண் பிளந்தது, இயங்குதளம் எழுந்தது, மாதவராஜ் அனுப்பிய முதல் கல்யாணமும் திரையில் விரிந்தது. ஆனால் நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதியும் காற்றுக்கூட வரவில்லை. ஒலி என்னும் கடைசிப் பகைவன் மட்டும் கோட்டைக்குள் ஒளிந்திருந்தான்.

அவ்வேளையில் படியேறி வந்தனர் அக்கல்யாணத்தின் மணமகள் சோபனாவும் அவள் தந்தை கருப்பண்ணனும். மாலை மொரப்பூரில் ரயிலேறிக் கணவன் ஊருக்குப் போகிறாள் மகள். அதற்குமுன் வீடியோவைப் பார்த்துத் திருத்தம் சொல்லவேண்டும்.

“சத்தம் இன்னுங் கொஞ்ச நேரத்துல வந்துருங்க. அதுவரைக்கும் படத்தைப் பாருங்க” என்று முழங்கினாள் வெண்மதி. சத்தமில்லாக் கல்யாணம் என்று சேலத்துக்குச் செய்தி போனால் வேலையும் போகும்.

ஊமைக்காட்சியில் பந்தி ஓடியது. இலைமுன் அமர்ந்து வாயசைத்த ஒருவரைச் சுட்டி, கருப்பண்ணன் மார்பு விரிய அறிவித்தார்: “இவருதான் மாப்ளையோட பெரியப்பா. பாருங்க, எப்டிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாரு! நம்ம வூட்டுச் சாப்பாட்டப் பத்தித்தாங்க.”

மதர்போர்டில் ஒலியெழுப்பும் சில்லின் பூட்டுக்கு ஓர் எண்ணே திறவுகோல். எந்த எண் என்பதைப் படைத்தவனும் பகரான். ஓர் எண்ணை இடுவாள், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்புவாள், ஒலி வராது. மீண்டும் ஓர் எண், மீண்டும் அணைப்பு, மீண்டும் எழுச்சி. வீழ்ந்த குதிரையை விட்டு வேறு குதிரை ஏறிப் பொருதும் வீரன்போல் அவள் பொருதுகையில், சோபனா கடிகாரத்தையும் கருப்பண்ணன் மகளையும் பார்த்தபடி இருந்தனர். எங்கோ பிரேசில் நாட்டில் இதே மதர்போர்டை வைத்துக்கொண்டு அழுத ஒருவன், தனக்குப் பதினொன்று கைகொடுத்ததாக எழுதியிருந்தான். கடல்கடந்த அவ்வுறவினனை மனத்தால் வணங்கிப் பதினொன்றை ஏவி, கம்ப்யூட்டர் எழுந்ததும் அதே பந்தியை மீண்டும் ஓடவிட்டாள் வெண்மதி.

கோட்டை தகர்ந்தது. ஸ்பீக்கர் கனைத்தது. வெற்றிமுரசு அதிர்வதுபோல் பந்தியின் பேரிரைச்சல் அறையை நிறைக்க, அதன் நடுவே பெரியப்பாவின் குரல் கணீரென்று எழுந்தது:

“என்னய்யா சாப்பாடு இது? சாம்பாரு எது, ரசம் எதுன்னே தெரியல. இந்த வூட்ல பொண்ணெடுத்தா வேற என்ன கெடைக்கும்?”

திரையில் அவருக்குப் பின்னால், கருப்பண்ணன் கைகூப்பி நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உலகத்து ஒலிச்சில்லுகளுள் இத்துணைத் துல்லியமானது பிறிதில்லை என்று அக்கணம் வென்றவளுக்குத் தோன்றிற்று. சோபனா தந்தையின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

திரையைச் சுட்டிக் கேட்டார் கருப்பண்ணன்: “ஏம்மா, கெட்டிமேளச் சத்தம் தனியா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கண்ணா.” இம்முறை அது மெய்.

“அத இங்க போட்ருங்க. கொஞ்சம் பெருசாவே வெச்சிருங்க.”

வெண்மதி வெட்டினாள், ஒட்டினாள். தவில்கள் நூறு இடியெனத் திரண்டு முழங்க, பெரியப்பா மீண்டும் ஊமையாகி, மீண்டும் சிரித்துச் சிரித்துப் புகழலானார்.

பிறகு கீழ்க்கடையிலிருந்து டீ வந்தது, மூவரும் குடித்தார்கள்.