ஒரு பிள்ளைக்குப் பயந்து எம்.ஏ. படித்தவன்

எம்.ஏ. படிப்பது என்று முடிவு செய்தேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பி.ஏ.வை எப்படியோ முடித்தேன். அதற்கப்புறம் நான் ஊன்றிப் படித்தது பஸ் போர்டு மட்டும்தான். அப்படிப்பட்ட டில்லிபாபு இந்த வயதில் மறுபடி படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் அறிவுப் பசி இல்லை. பயம்.

பயத்தின் பெயர் கனிமொழி. வயது மூன்று. என் மகள்.

சிரிக்காதீர்கள். என் மனைவி காவ்யா பக்கத்தில் இருந்தால் கனி தங்கம். அவள் தலை மறைந்ததும் தங்கம் உருக ஆரம்பித்துவிடும். ஒருநாள் காவ்யா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கனி ஒரு பச்சைப் பட்டாணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து மூச்சை இழுத்தாள். பட்டாணி வீட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஆவடி செக்போஸ்ட் ஆஸ்பத்திரி வரை ஓடினேன். டாக்டர் ஒரு நொடியில் பட்டாணியை எடுத்தார். பிறகு எனக்குத்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து கனியோடு தனியாக இருக்க எனக்குப் பயம். அவள் இருமினால் பயம். இருமாமல் இருந்தால் ரொம்பப் பயம்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காவ்யா குண்டைப் போட்டாள்.

"இன்னாங்க, ஜூலைலேர்ந்து சனி, ஞாயிறு எனக்கு வெளிய வேல கீது. காத்தால போனா சாய்ங்காலம்தான் வருவேன். கனிய நீதான் பாத்துக்கணும்."

என்ன வேலை என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. 'கனிய நீதான்' என்ற இடத்திலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்தான்."

"தனியாவா?"

"நீ கீற, அவ கீறா. அது எப்படி தனி ஆவும்?"

"அவகூட இருக்கறதுக்குப் பேருதான் தனி."

"ஒன்ன மாதிரி ஒரு ஆம்பளய நா பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கம்பெனியில் பாண்டியனிடம் புலம்பினேன். பாண்டியன் என்னோடு வேலை செய்கிறவன். அடுத்தவன் குடும்பத்துக்கு மட்டும் நல்ல யோசனை சொல்வான்.

"மச்சான், வேல கீதுன்னா லீவு போடச் சொல்லுவாங்க. ஒடம்பு செரியில்லன்னா கஷாயம் குடுப்பாங்க. படிக்கப் போறேன்னு சொல்லு. படிக்கிறவன எவளாலயும் தடுக்க முடியாது. பூந்தமல்லி தாண்டி ட்ரங்க் ரோட்ல ஒரு யுனிவர்சிட்டி கீது. அங்க எம்.ஏ. க்ளாஸ் சனி, ஞாயிறு மட்டும்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவனை நண்பனாகக் கொடுத்த கம்பெனி வாழ்க!

காவ்யாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம்.ஏ.வா? இன்னாத்துல?"

"பொது நிர்வாகம்."

"கேஸ் புக் பண்ணத் தெரியாது. பொது நிர்வாகம்!" என்றாள். பிறகு, "எந்தக் காலேஜு, பேரச் சொல்லு" என்றாள். சொன்னேன். "படி. நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை. காவ்யா கத்தினால் எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. கத்தாமல் இருந்தால்தான் பயம். சேர்ந்த நாள்முதல் வகுப்பு தொடங்கும் நாள்வரை அவள் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் பேனா. தலையில் எண்ணெய். வாசலுக்கு வந்தேன்.

வாசலில் கனி நின்றிருந்தாள். ஷூ போட்டிருந்தாள். முதுகில் பை. கழுத்தில் தண்ணீர் பாட்டில்.

"இவ எங்க போறா?"

"ஒங்கூடத்தான்" என்றாள் காவ்யா.

"நா எம்.ஏ. படிக்கப் போறேன்டி!"

"அவளும் வரட்டும். புள்ளைங்கள வெச்சிகினு படிக்கிறவங்களுக்கு அந்தக் காலேஜ்லயே ஒரு ரூம் கீதாமே. ஆயா, தொட்டில், பொம்ம எல்லாம் கீதாம். நா போன் போட்டு விசாரிச்சிட்டேன். ஒம் பேரையும் சொல்லிட்டேன்."

"எம் பேரையா?"

"மேடம் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. புள்ளய இட்டுகினு வர்ற மொத ஆம்பள நீதானாம்."

பாண்டியனை நண்பனாகக் கொடுத்த கம்பெனி நாசமாய்ப் போக!

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் கனியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தால் கையை நீட்டிவிடுவாள் என்று பயம். மூடினால் மூச்சு முட்டுமோ என்று பயம். பூந்தமல்லி நெருங்க நெருங்க மெட்ரோ தூண்கள். அவள் ஒவ்வொரு தூணையும் காட்டி "இது இன்னா?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் "தூண்" என்றேன். கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அந்த அறை கல்லூரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே ஒரு டஜன் பிள்ளைகளாவது இருக்கும். சிலது தவழ்ந்தது, சிலது பறந்தது. பொறுப்பாளர் ஹேமாவதி மேடம் கைகூப்பி வரவேற்றார்.

"வாங்க டில்லிபாபு சார். குழந்தை பிறந்ததும் எத்தனையோ பேர் படிப்பை நிறுத்திடறாங்க. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. குழந்தைக்குக் காய்ச்சல்னா உங்க வருகைப் பதிவுல கை வைக்கமாட்டோம். பரீட்சை அன்னைக்கு முடியலைன்னா அப்புறம் எழுதலாம். பால் கொடுக்கிறவங்களுக்குத் திரை போட்டுத் தனி இடம் இருக்கு."

"அது எனக்கு வேணாங்க மேடம்."

"தெரியும் சார். ஒண்ணே ஒண்ணுதான். ஆயா ஒருத்தரால சமாளிக்க முடியாது. அதனால பெற்றோர் முறை வெச்சு, ஆளுக்கொரு நாள் எல்லாக் குழந்தைகளையும் கூட இருந்து பார்த்துக்கணும்."

"எல்லாவா?"

"எல்லாக் குழந்தைகளையும்."

ஒரு பிள்ளைக்குப் பயந்து ஓடிவந்தேன். ஒரு டஜன் கிடைத்தது. காப்பகம் என்று எழுதியிருந்தார்கள். என்னை யார் காப்பது?

முறை வரும் நாளை நினைத்தே வகுப்பில் பாடம் ஏறவில்லை. பட்டம் வாங்கப் போனவன் பட்டதுதான் மிச்சம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அங்கே சபீனா என்று ஒரு பெண், எம்.காம். படிக்கிறாள். கைக்குழந்தைக்காரி. திரைக்குப் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்பாள். குழந்தை பாலோடு கணக்கியலும் குடித்தது.

"இந்த ரூம் மட்டும் இல்லாட்டி நான் எப்பவோ நின்னிருப்பேன் அண்ணே" என்றாள் ஒருநாள். "உங்க வீட்ல அண்ணியும் படிச்சவங்களா?"

"பி.ஏ. ரெண்டு பேப்பர் அரியர். கனி வயித்துல இருந்தப்ப நின்னுடுச்சி" என்றேன். சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதைப் பற்றி நான் காவ்யாவிடம் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாக்குப் போக்குச் சொல்லி என் முறையை நவம்பர்வரை தள்ளிக்கொண்டே போனேன். டிசம்பரில் சாக்குகள் தீர்ந்துவிட்டன.

என் முறை வந்த அன்றைக்குக் காலை நன்றாகத்தான் போனது. யாரும் யார் மூக்கிலும் எதையும் வைக்கவில்லை. ஆயா பால் சூடுபண்ண கேன்டீனுக்குப் போனார். நான் திரும்பினேன். கனியைக் காணோம்.

அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம். அதன் கதவு மூடியிருந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கனி தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

உள்ளே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரியும். நான்தான் காலையில் பிடித்துவைத்தேன்.

தரையில் படுத்துக் கதவின் அடியில் பார்த்தேன். இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. வாளியை ஒட்டி. தண்ணீர் அலம்பும் சத்தம். கதவை இடித்துத் தள்ளினால் அவள்மேல் விழும். ஆளைக் கூப்பிட ஓடினால் மற்ற பிள்ளைகள் சிதறிவிடும். கத்திப் பார்த்தேன். மேல்மாடியில் ஒரு பேராசிரியர் என்னைவிடச் சத்தமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"கனி! தாப்பா தெரியுதா கண்ணு?"

"தெர்து."

"அத்தப் புடிச்சி இப்டி இழு."

"எப்டி?"

"இப்டி" என்று கதவுக்கு இந்தப் பக்கம் கையை இழுத்துக் காட்டினேன்.

"தெர்லப்பா."

"தண்ணிகிட்ட போவாத! வாளிய வுட்டு இப்பால வா!"

"ஏன்?"

பாதங்கள் வாளியை இன்னும் ஒட்டி நின்றன. ஒரு பாதம் தரையைவிட்டு மேலே எழுந்தது. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். விசும்பல் இல்லை, ஓ என்று அழுதேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டன. மெதுவாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தன. ஒரு பையன் தன் பிஸ்கட்டை என் வாயில் வைத்தான்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அப்பா, இன்னா பண்ற?"

"அழுவறேன்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ஈரப் பாதங்கள் கதவுப் பக்கம் வரும் சத்தம் கேட்டது.

"நா பாக்கணும்" என்றாள்.

'டக்.'

கதவு திறந்தது. தலையிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்துபோய் என் மகள் நின்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். நான் அவளை அள்ளிக்கொண்டேன். கேன்டீனிலிருந்து திரும்பிய ஆயா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுங்க இப்படி ஒக்காந்து நா பாத்ததே இல்ல சாமி!"

ஹேமாவதி மேடம் ஓடிவந்தார். அன்றைக்கே ஆளை வரவழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் போட்டார்கள். வாளியையும் எடுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கனிக்கு ஒரு பெரிய சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, சரியா?" "செரிப்பா." வீட்டு வாசலில் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா! அப்பா அழுதுச்சு!"

காவ்யா என்னை உட்காரவைத்தாள். அத்தனையும் கேட்டாள். வாளி என்ற இடத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது. கனியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொன்றுவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"தாப்பா இப்ப எங்க கீது?"

"மேல மாத்திட்டாங்க."

"இன்னிக்கேவா?"

"அப்பவே."

"ஆயா அடிக்கிற ஆளா?"

"சேச்சே, தங்கமானவங்க."

"கனி அங்க அழுவுறாளா?"

"கெளம்பும்போதுதான் அழுவுறா. வரமாட்டேன்னு."

காவ்யா தலையாட்டினாள். கத்தவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"காவ்யா, நா படிப்ப நிறுத்திக்கிறேன்."

"ஏன்?"

"ஊட்ல ஒண்ணு. அங்க ஒரு டஜன். இனிமே சனி, ஞாயிறு நா ஊட்லயே இருந்து கனிய பாத்துக்கிறேன். தனியாவே. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

"மாத்திப் பேசமாட்டியே?"

"மாட்டேன்."

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள். "வேலைன்னு நா சொன்னது, வேல இல்ல. அந்த ரெண்டு அரியர் பேப்பருக்கு டியூஷன் போய்கினு இருந்தேன். சொல்லிட்டு ஃபெயிலாயிட்டா அசிங்கமாப் பூடும்னு பயம். நேத்து ரிசல்ட் வந்துச்சு. பாஸ்."

அவள் கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜனவரியில எம்.ஏ. சேர்றேன்" என்றாள். "ஒங்க காலேஜ்தான். நீ பேரச் சொன்ன அன்னிக்கே, படிச்சா அங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா தெரியாத எடத்துல கனிய எப்படி வுடறது? பயமா இருந்துச்சு. அதான் மொதல்ல ஒன்ன அனுப்பினேன்."

ஆக, நான் படிக்கப் போகவில்லை. வேவு பார்க்கப் போயிருக்கிறேன்.

"செரி, நீ படி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "கனி எங்கூட ஊட்ல இருக்கட்டும்."

"ஊட்ல எதுக்கு? அவளுக்கு அங்கதான் புடிச்சிருக்கு. எங்கூட வரட்டும்."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனைவி கல்லூரியில். மகளும் கல்லூரியில். சனி, ஞாயிறு வீட்டில் நான் மட்டும். ஃபேன் காற்று. பாய். தலையணை. மூன்று வருடத்தில் முதன்முறையாக நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டேன்.

"அப்ப நா தூங்கலாம்" என்றேன்.

"எங்க தூங்கறது? இப்பத்தான் மேடத்துக்குப் போன் போட்டு, முறைக்கு ஊட்டுக்காரர அனுப்பலாமான்னு கேட்டேன். மேடம் கைதட்டாத கொறதான். வாரா வாரம் ஒன்னயே போட்டுட்டாங்க" என்றாள் காவ்யா. "பசங்க இப்பவே கேக்க ஆரம்பிச்சிடுச்சாம், 'ஆயாப்பா எப்ப வருவாரு'ன்னு."