பிரேக் சித்தரும் சுறாக் கருவாடும்

அது 2005. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மீனவர் குப்பத்துக்கு இறங்கும் ஒற்றைச் சாலையில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அகலமான சக்கரம், தாழ்ந்த வயிறு, பின்னால் ஒரு றெக்கை. வந்தவர்கள் நாவலூர் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகளும் அணுபுரத்து அதிகாரிகளும். எல்லாரும் படித்தவர்கள். படிக்காதவனை ஏமாற்றினால் என்ன தேறும், நீங்களே சொல்லுங்கள்.

எல்லாரும் தரிசிக்க வந்தது பிரேக் சித்தரை. பூர்வாசிரமத்தில் அவர் ஜம்புலிங்கம், அச்சரப்பாக்கத்தில் பஞ்சர் கடை. ஒருநாள் கனவில் ஐயனார் குதிரையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்தாராம். அன்றிலிருந்து செப்புத் தகட்டில் கட்டம் கிறுக்கி, பிரேக் மிதியில் கட்டிவிடுகிறார். தட்சணை ஐயாயிரம். ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவன் புது பிரேக் பேடு போடுவான், சூடு தாங்கும் பிரேக் ஆயில் ஊற்றுவான், கால் வழுக்காத மிதி மாட்டுவான். சித்தரிடம் அத்தனையும் ஒரே தகட்டில்.

இதைக் கேள்வி கேட்க அங்கே ஒரு விஞ்ஞான மூளைகூடவா இல்லை என்பீர்கள். இருந்தது. அதுதான் நான். பெயர் வாசுதேவன். அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர், இருபது வருட சர்வீஸ். என் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் தகட்டை வாங்கிய புண்ணியவான்.

சும்மா வாங்கவில்லை ஐயா, சோதித்து வாங்கினேன்! பூஜைக்கு முன்னால் கடல் பக்கமாக அறுபதில் ஓட்டி, சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் அடித்தேன். வண்டி நிற்க முப்பத்தொன்று புள்ளி நாலு ஐந்து மீட்டர் ஆனது. தகடு கட்டியானதும் சித்தர், "கடலம்மாவுக்கு முதுகக் காட்டி ஓட்டு நைனா. தோசம் அவளாண்டயே தங்கிடும்" என்றார். திருப்பி மேட்டுப் பக்கமாக ஓட்டி, அங்கிருந்த கோட்டில் அடித்தேன். பத்தொன்பது புள்ளி இரண்டு! எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றே கிராஃப் போட்டேன். சித்தர் அதைப் பேனரில் அடித்து மாட்டினார்: 'அணு விஞ்ஞானியே அளந்து சொன்னது!' நான் விஞ்ஞானி இல்லை என்று திருத்தியிருக்கலாம். போட்டோ நன்றாக வந்திருந்தது, விட்டுவிட்டேன்.

அந்தப் பேனருக்குக் கீழேதான் சீனு என்னைப் பிடித்துக்கொண்டான். நாவலூரில் வேலை, கல்யாணமாகி ஆறு மாதம்.

"சார், பேடு மாத்த ஆர்டர் குடுத்திருந்தேன். ஒங்க கிராஃபப் பாத்துட்டு கேன்சல் பண்ணிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம டிராக்ல எறங்குறேன். எம் பொண்டாட்டியும் பக்கத்து சீட்ல வர்றா. தகடே போதும்ல சார்?"

'தாராளமா' என்று வாய் வரை வந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். குப்பத்தில் மீன் விற்கும் ஆராயி, கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா சாரு, நானும் நாலு வாரமா பாத்துகினு கீறேன். எறங்கசொல்ல ஒருவாட்டி நிறுத்துறீங்க, ஏறசொல்ல ஒருவாட்டி நிறுத்துறீங்க. ரெண்டு தபாவும் ஒரே பக்கமா ஓட்டுனா வண்டி கோச்சிக்குமா?"

"அம்மா, இது டெக்னிக்கல் விஷயம்."

"இன்னா பெரிய டெக்னிக்கலு? கடல் பக்கம் பள்ளம், ரோடு பூரா மணலு. எங்க வூட்டுக்காரரு சைக்கிளே அங்க வழுக்கினு போவும். மேட்டுப் பக்கம் மணலு கீதா? அங்க எந்த வண்டிதான் நிக்காது?"

இருபது வருடமாக ஜூனியர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம் இது: சோதனையில் ஒன்றை மாற்றினால் மற்றதை மாற்றாதே.

"சார்?" என்றான் சீனு. முகம் வெளுத்திருந்தது. என் கிராஃபை நம்பி இரண்டு உயிர் டிராக்குக்குப் போகப் போகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சித்தரிடம் போய், தகட்டோடு ஒருமுறை கடல் பக்கமாக ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது ஆகமத்துக்கு விரோதம் நைனா!"

"ஏன், சாமி மணல்ல வழுக்கி வுழுந்துடுமா?" என்றாள் ஆராயி. கூட்டம் சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை.

என் காரையே எடுத்தேன். சாலை காலியாக இருந்தது. தகடு மிதியில். அறுபதில் இறங்கி, கோட்டில் அடித்தேன். சீனு டேப் பிடித்தான். முப்பத்தொன்று புள்ளி ஆறு.

"இப்ப தகட்டக் கயட்டு. மிதி மொட்டையா கீதுன்னு வருத்தமா இருந்தா இத்தக் கட்டிக்கோ" என்று ஆராயி ஒரு சுறாக் கருவாட்டை நீட்டினாள். மிதியின் தண்டில் கட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓட்டினேன். பத்தொன்பது புள்ளி ஒன்று!

கூட்டம் டேப்பையும் கருவாட்டையும் மாறி மாறிப் பார்த்தது. சித்தர்தான் முதலில் சுதாரித்தார். "பாத்தீங்களா! மச்சாவதாரம்!"

அவ்வளவுதான். "கருவாடு இன்னா வெல?" என்று மொத்தக் கூட்டமும் ஆராயியை மொய்த்தது. வரிசையில் முதல் ஆள் யார் தெரியுமா? தகட்டைவிடப் பத்து சென்டிமீட்டர் குறைகிறதே என்று பாக்கெட்டில் கைவிட்ட நான்தான்.

"த்தூ! இது கொழம்புக்கு! பிரேக்குக்கு மெக்கானிக்காண்ட போய்த் தொலைங்க!" என்று ஆராயி கூடையை மூடிவிட்டாள்.

சந்தடியில் சித்தர் தன் மொபெட்டை உருட்டிக்கொண்டு நழுவினார். சீனு குறுக்கே போய் நின்றான். "ஒங்க வண்டில தகடு எங்க?"

சித்தர் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டார். "உசுரு விசயத்துல வெளையாட முடியுமா தம்பி? போன மாசந்தான் புது பிரேக் ஷூ போட்டேன்."

தட்சணையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவரை விட்டார்கள். பேனரை நானே கழற்றினேன். அன்றே செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் எங்கள் இருவர் வண்டியின் சக்கரத்தையும் கழற்றினார். சீனுவின் பேடு பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. என்னுடையதில் இரும்பே தெரிந்தது. "இத வச்சினு டிராக்கா? நாலாவது ரவுண்டுல பிரேக்கே புடிக்காம மிதி தரையத் தொட்டிருக்கும்" என்றார். சீனு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அளக்க என்னிடம் கருவி இல்லை.

ஆகவே மகாஜனங்களே, யாராவது தகடு விற்றால், வாங்கும் முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அதே பக்கமாக ஓட்டிப் பாருங்கள். நிறையப் படித்தவராக இருந்தால் இரண்டு முறை.