ஸ்பிரிங் பாஸின் தராசு

கண்டிச் சீமையிலேயே ஸ்பிரிங் பாஸைப் போன்ற பிடிவாதக்காரர் இன்னொருவர் கிடையாது. வாகனம் திருத்துபவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; அம்பிட்டியவில் கராஜ் வைத்திருந்த அவருடைய சொந்தப் பெயர், கராஜுக்கு மேல் மாடியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்த எனக்கே தெரியாது. ஒரு கல்யாணத்தில், மணமக்கள் உட்கார்ந்திருந்த மெத்தைக் கதிரையை அமுக்கிப் பார்த்து, "மாப்பிள்ளப் பக்கம் ஸ்பிரிங் தொவண்டு கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வாழ்த்தினார்.

அக்குறணைப் பலசரக்குக் கடை ஹாஜியாருக்கு மலைப்பாதைக் கார் பந்தயம் என்றால் பைத்தியம். அவருடைய பந்தயக் காரைப் பாஸ்தான் பழுதுபார்த்து வந்தார். முந்திய வருடம் மூன்றாவது வளைவில், எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றியபோது ஸ்பிரிங்குகள் சோர்ந்து, வால்வுகள் நேரத்துக்கு மூடாமல், கார் இருமிக்கொண்டே நின்றுவிட்டது.

"இந்த முறையும் இருமிச்செண்டா கார் கொழும்பு கராஜுக்குத்தான். ஆக இறுக்கமான ஸ்பிரிங்காப் போடுங்க பாஸ்," என்றார் ஹாஜியார்.

"ரொம்ப இறுகுனா வால்வத் தள்ளுற கேம் தேஞ்சுரும் மொதலாளி. வால்வு மூடி நிக்கயில எழுபது ராத்தல். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

எட்டு ஸ்பிரிங் தேவை. பொறுக்கியெடுக்க பாஸ் நாற்பது சேர்த்தார். கூரையில் தொங்கிய பழைய தராசில் ஒவ்வொன்றாகக் கோத்து, எஞ்சினில் நிற்கும் உயரத்துக்கு அமுக்கி, எத்தனை ராத்தலுக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார். குறைந்தால் அடியில் மெல்லிய வாஷர் வைத்து மறுபடியும் அமுக்குவார். முள்ளைப் பார்த்துச் சொல்லிக் கொப்பியில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"அறுபத்தெட்டு," என்றேன்.

"எழுபதுன்னு எழுதுங்க சார்."

"முள் அறுபத்தெட்டில் நிக்குதே!"

"நிக்கட்டும். எழுபது."

எட்டு ஸ்பிரிங்குக்கும் இதே கூத்து. மனிதருக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் உள்ளே வந்து கொப்பியைப் பார்த்துவிட்டார்.

"முள்ளு ஒண்டு சொல்லுது, நீங்க வேறொண்டு எழுதுறீங்க. இப்படித்தான் போன வருசமும் செஞ்சீங்களா?"

பாஸ் தராசைத் தட்டிக் காட்டினார். "இது தேயிலைத் தோட்டத்துத் தராசு மொதலாளி. போன மாசம் ஏலத்துல எடுத்தேன். எங்கம்மா இருபது வருசம் இதுலதான் கொழுந்து நிறுத்தாங்க. எப்பவும் ரெண்டு ராத்தல் கொறச்சுத்தான் காட்டும். லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்க முடியாது."

ஹாஜியார் லேசுப்பட்டவரா? கடையிலிருந்து படிக்கற்களைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். ஐம்பது ராத்தலுக்கு முள் நாற்பத்தெட்டில் நின்றது. கற்களைக் கட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

பந்தயத்தன்று அவரே காரை ஓட்டினார். பாஸ் பாதைக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கார் மூன்றாவது வளைவில் அலறிக்கொண்டு ஏறியது; ஒரு சின்ன இருமல்கூட இல்லை. கோப்பை வேறு யாருக்கோ போனது. ஆனால் கார் கொழும்புக்குப் போகாமல் அம்பிட்டியவிலேயே இருந்தது.

ஹாஜியார் மகிழ்ந்துபோய்ப் புதுத் தராசு ஒன்று பரிசளித்தார். பாஸ் அதை வெறும் கொக்கியாக்கி, தீயணைக்கும் மண்வாளியைத் தொங்கவிட்டார்.

"சரியான தராசு இருக்கும்போது அந்தத் திருட்டுத் தராசு எதுக்கு பாஸ்?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட எடுத்தத அது இன்னும் திருப்பிக் குடுத்து முடிக்கல சார்."

அவர் மேல் எனக்கிருந்த பிரியத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதன் பிறகு முள் அறுபத்தெட்டில் நின்றால், அவர் சொல்லுமுன்பே, அம்மாவின் இரண்டு ராத்தலையும் சேர்த்து எழுபது என்று எழுதிவிடுவேன்.