ஐஸ் பெட்டியில் ஒரு ஜெரேனியம்

உலகத்தில் எந்தக் கோளாறையும் ஐஸ் வைத்தே சரிசெய்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஐஸ் மாமுதான். காசிமேட்டில் பெரிய ஐஸ் கட்டிகளை உடைத்து மீன் பெட்டிகளில் போடுவது அவர் தொழில். எனக்குப் பல்வலி என்றாலும் ஐஸ் கொண்டுவருவார். ஒருநாள் அவர் வீட்டு டிவி சூடாகிவிட்டதென்று அதன் தலையிலும் ஒரு மூட்டை வைத்தார். டிவி அன்றோடு போய்விட்டது. "சூடு எறங்கிச்சா இல்லியா?" என்று மட்டும் கேட்டார். இறங்கித்தான் இருந்தது.

திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் அவர் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கம். பால்கனிக்குக் கடலிலிருந்து உப்புக் காற்று வரும், எதிர்ப்பக்கமிருந்து கம்பெனிப் புகை வரும். கற்றாழையே யோசித்து வளரும் அந்தப் பால்கனிக்குத்தான் குன்னூரிலிருந்து ஒரு ஜெரேனியம் பூச்செடி வந்து சேர்ந்தது.

அனுப்பியவள் அவருடைய ஒரே மகள் தேவி. குன்னூரில் வேன் ஓட்டும் பையனை அவளாகவே கல்யாணம் செய்துகொண்டாள் என்று மாமு இரண்டு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. அவர் மனைவி செல்வியக்கா மட்டும் மகளைப் பார்த்துவிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் திரும்பினார்.

"உன் பொண்ணு குட்த்துச்சி. பாத்துக்க சொல்ச்சி."

"கடல்ல கடாசு அத்த!"

மறுநாள் காலையில் பார்த்தால், மாமு குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கரி பட்டு கலீஜா கீது வாத்யாரே, அதான்" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சடங்கு. அவர் போனில் நான் செடியைப் படமெடுத்துத் தேவிக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு வார்த்தை போகக்கூடாது. 'ப்பா, இலை மஞ்சளா கீது, தண்ணிய கொற' என்று பதில் வரும். அதை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு செடிதான். அது தெரிந்ததால் எனக்கும் அதன் மேல் பயம் கலந்த மரியாதை வந்துவிட்டது.

சித்திரை வெயிலில் செடி தலையைத் தொங்கப்போட்டது. மாமுவுக்கு வைத்தியம் தெரியாதா?

"மலையில பொறந்தது வாத்யாரே. இந்த அனல்ல இன்னா பண்ணும், பாவம்?"

மீன் போடும் தெர்மாகோல் பெட்டி வந்தது. அடியில் ஐஸ் தூள் பரப்பி, தொட்டியை இறக்கி, கழுத்துவரை ஐஸ் கொட்டி, மேலே ஈரக் கோணியைப் போர்த்தினார். வஞ்சிரத்துக்குக்கூட அவ்வளவு பக்குவமாக அவர் செய்து நான் பார்த்ததில்லை. காலையும் மாலையும் ஐஸ் மாற்றினார்.

செல்வியக்கா தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், செத்த மீனுக்குத்தான்யா ஐஸு! உசுரோட கீற செடிய இன்னாத்துக்குயா பொட்டியில போட்டுகினுகீற?"

ஒரே வாரம். உருகிய தண்ணீரில் ஊறி, தண்டு அடியில் கறுத்து அழுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் போன் இருந்தது.

"பழைய போட்டோ ஒண்ண அனுப்பிடு வாத்யாரே. செடி போச்சுன்னா எம் பொண்ணு என்கிட்ட எதப் பத்தி பேசும்?"

நானும் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில்: 'ப்பா, போன வாரம் விரிஞ்ச பூவு இந்த வாரம் எப்டி மொட்டாச்சு?'

மாமு என்னை முறைத்தார். அதற்குள் போனே அடித்தது. உயிர் நண்டைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்தார். ஸ்பீக்கரை நான்தான் அழுத்தினேன்.

"தேவி... செடிய சாவடிச்சிட்டேம்மா."



"ப்பா... ஐஸ் வச்சியா?"

"கொஞ்சந்தான்."

சிரித்தாள் தேவி. "மேல பச்சையா தண்டு கீதா? அத்த வெட்டி ஒரு நாளு நெழல்ல காய வுடு. அப்பால மணல் கலந்த மண்ணுல நடு. அதுக்கு குளுரு வாணாம்ப்பா, வேர்ல தண்ணி நிக்காம இருந்தா போதும்." நிறுத்தி, "நீ சாப்ட்டியா?" என்றாள்.

மாமு போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "சாப்டேன். நீ?" என்றார். நான் சத்தமில்லாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது.

மூன்று தண்டு நட்டார், மூன்றும் பிழைத்தன. ஐஸ் குத்தும் ஊசியாலேயே பெயிண்ட் டப்பாக்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டார். மார்கழியில் பால்கனி முழுக்கச் சிவப்பு. பொங்கலுக்கு மாப்பிள்ளையும் மகளும் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் மணலி புதுநகருக்கு வீடு மாறியபோது அந்தச் செடி டப்பாக்களில் ஒன்றை என் கையில் கொடுத்தார். "தண்ணிய அள்ளி ஊத்தாத. வாடுன பூவ கிள்ளிடு. ஐஸ் கிஸ் வச்ச, அங்கயே வந்து ஒதைப்பேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் செடியைப் படமெடுத்து மாமுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கூடவே ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. அவர் நினைப்பாகவே இருக்கிறது என்று எழுத எனக்கும் கை வரவில்லை.