மூன்றாவது விசிலில் எதிர்காலம்

சீட்டுக்கட்டால் கெட்டுப்போன குடும்பங்கள் தெருவுக்கு நாலு இருக்கும். அதே சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு அறுபது பெண்களைக் கரையேற்றிய ஒரே ஆள், நான் பார்த்த வரையில், ரம்மி அக்காதான். இத்தனைக்கும் அவளுக்கு ரம்மி ஆடத் தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், லாரி நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு சந்தில் இருந்தது எங்கள் லேடீஸ் ஹாஸ்டல். மூன்று மாடி, அறுபது பெண்கள், நாலு பாத்ரூம். அங்கே ரம்மி அக்கா சமையல்காரி. சொந்த ஊர் பூந்தமல்லி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எவ்வளவு தாண்டியிருக்கும் என்று கேட்டவளுக்கு அன்று அப்பளம் கிடைக்காது. அவள் வைக்கும் சாம்பாரைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாலு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

ஜோசியம் அடுப்படியில்தான். அதுவும் பருப்பு வேகும் நேரத்தில் மட்டும். பெரிய குக்கரை ஏற்றிவிட்டு, மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுப்பாள். நீல முதுகு வைத்த சாதாரணச் சீட்டு. எப்போதோ ரூமைக் காலி செய்துகொண்டு போன ஒருத்தி விட்டுப் போனது. முதல் விசிலுக்குக் கேட்கிறவள் இடது கையால் கட்டை வெட்ட வேண்டும். இரண்டாவது விசிலுக்கு அக்கா சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்புவாள். மூன்றாவது விசிலுக்கு ஒன்றைத் திருப்புவாள். அதுதான் பதில். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் பருப்பு குழைந்துவிடும்.

சட்டதிட்டங்கள் உண்டு. ஒருத்திக்கு ஒரு கேள்வி. தேதி கேட்கக் கூடாது. "நடக்குமா நடக்காதான்னு கேளு, சொல்லும். எப்போன்னு கேட்டா? அது இன்னா காலண்டரா?" என்பாள். காணிக்கை கிடையாது. கேட்டவள் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்க வேண்டும். வேலை பற்றிய கேள்விக்கு ஒரு கிண்ணம், கல்யாணக் கேள்விக்கு ஒரு கூடை. உதவிக்கு ஆளே இல்லாமல் அந்த ஹாஸ்டலில் அறுபது பேருக்குச் சமையல் நடந்தது இப்படித்தான்.

ஆட்டின் என்றால் மனசு, டைமன் என்றால் துட்டு, கிளாவர் என்றால் உத்தியோகம், இஸ்பேடு என்றால் வேண்டாம். இவ்வளவுதான் சாஸ்திரம். வார்டன் மேடம் ஒருமுறை, "இது குடும்பப் பெண்கள் இருக்கிற இடம், சீட்டெல்லாம் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டினார். மறுநாள் பையனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டு, நோட்டீஸுக்குக் கீழேயே உட்கார்ந்து அரைக் கூடை வெங்காயம் உரித்தார்.

மலர் என்று ஒரு பெண். போனில் பழகி பதினைந்து நாளான ஒருவனை நம்பி வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குக் கிளம்ப இருந்தாள். அக்கா திருப்பினாள், இஸ்பேடு. மலர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்று, இஸ்பேடு. மூன்றாவதும் இஸ்பேடு. "மூணு தபா சொல்ட்ச்சு கண்ணு. நாலாவது தபா கேட்டா சீட்டு கெட்ட வார்த்த பேசும்" என்றாள் அக்கா. மலர் போகவில்லை. அடுத்த மாதமே அதே ஆளை நம்பி எஸ்டேட்டில் வேறு மூன்று பெண்கள் ஓசூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதிலிருந்து அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நான் மட்டும் கேட்டதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அதைவிட, வெங்காயம் உரிப்பதில் துளியும் விருப்பமில்லை. எனக்கு மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு அட்டையை அருகருகே வைத்து, எங்கே புள்ளி தவறியிருக்கிறது, எங்கே சாயம் கசிந்திருக்கிறது என்று எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். அதனால் அக்கா என்னை லேபிள் என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கண் ஹாஸ்டலுக்கு வந்தாலும் ஓயாது. ஒருநாள் சட்னிக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். ஆட்டின் ராணியின் முதுகில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் தடம். கிளாவர் ராஜாவின் முதுகில் ஒரு சொட்டு சாம்பார். டைமன் பத்தில் எண்ணெய்ப் பொட்டு. இஸ்பேடு ஆஸ் அடுப்புச் சூட்டில் ஓரம் சுருண்டு கிடந்தது. இப்படி முக்கியமான ஏழெட்டுச் சீட்டுக்கும் முதுகிலேயே முகவரி இருந்தது. அக்காவுக்குக் கவிழ்ந்த சீட்டும் நிமிர்ந்த சீட்டும் ஒன்றுதான். வெங்காயம் உரிக்க உரிக்கப் பெண்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மூன்றாவது விசிலுக்குள் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். அதற்கேற்ற கறையைத் தேடித் திருப்புவாள். பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு வெங்காயத்தை யார் உரிப்பது?

அக்கா தனக்கு மட்டும் சீட்டுப் பார்த்துக்கொள்ள மாட்டாள். "டாக்டரு தனக்கே ஊசி குத்திக்குவாரா?" என்பாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறுவாள். சாயந்திரம் அதே பை அதே கனத்தோடு திரும்பி வரும். அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு எங்கள் எல்லோருக்கும் முறுக்கு. யாருக்குக் கொண்டுபோனாள், ஏன் திரும்பி வந்தது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. எங்கள் எதிர்காலத்தைக் கேட்கவே எங்களுக்கு நேரம் போதவில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு நான் திண்டுக்கல் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் ரூம்மேட் வசந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து பொங்கல் பரிசு குடுத்தோம் தெரியுமா? புதுச் சீட்டுக்கட்டு! பிளாஸ்டிக். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதாம். அழுக்கே பிடிக்காது."

"பழைய கட்டு?"

"அதையா? போகிக்கு எரிச்சிட்டோம்."

அடுப்படிக்கு ஓடினேன். அக்கா புதுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு முதுகும் ஒரே மாதிரி பளபளத்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நல்லா கீதில்ல லேபிளு? புள்ளைங்க ஆசையா வாங்கியாந்துச்சுங்கோ" என்றாள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து சீட்டு உண்மையாகவே ஜோசியம் சொல்ல ஆரம்பித்தது. அதாவது, வாய்க்கு வந்ததைச் சொன்னது. முடி கொட்டுவது நிற்குமா என்று கேட்ட மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு இஸ்பேடு ஆஸ் வந்தது. அவள் அழத் தயாரானாள். அக்கா ஒரு கணம்தான் திகைத்தாள். "இன்னா நிறம் பார்த்தியா? கருகருன்னு கீது. முடி அப்டி வளரும்" என்று சமாளித்தாள். வேலை கேட்டவளுக்கு ஆட்டின், மாப்பிள்ளை கேட்டவளுக்குக் கிளாவர். "மாப்ள உத்தியோகத்துல கீறான்" என்றாள். எத்தனை நாளைக்கு ஓடும்?

அந்த வாரம் பார்த்து வசந்தியின் கேள்வி வந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு குடோனில் அவளுக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போளூரிலிருந்து அவள் அப்பா, "அதெல்லாம் வேணாம், வந்துடு, மாமா பையனுக்குத் தை மாசமே முடிச்சிடலாம்" என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார். சீட்டு சொல்கிறபடி செய்வது என்று வசந்தி முடிவு கட்டிவிட்டாள். அவள் அப்பாவும் ஒப்புக்கொண்டார். ஜோசியம் பார்க்காமல் செருப்புகூட வாங்காத மனிதர் அவர்.

முழுக் கூடை வெங்காயம் உரித்தாள் வசந்தி. அதில் முக்கால் கூடை வரைக்கும் குடோனைப் பற்றியே பேசினாள். கம்பெனி பஸ் எங்கே நிற்கும், தனக்குக் கீழே எத்தனை பேர், தலையில் போடும் தொப்பி என்ன கலர் என்று. மாமா பையனைப் பற்றி, "நல்லவர்தான்" என்று ஒரே வார்த்தை. அக்கா வெட்டச் சொன்னாள், பரப்பினாள். பளபளக்கும் முதுகுகளுக்கு மேல் அவள் கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் வட்டமடித்தது. இரண்டு விசில் ஆகிவிட்டது. சட்டென்று எட்டி அடுப்பை அணைத்துவிட்டாள்.

"கேஸ்கட் பூட்ச்சு கண்ணு. மூணாவது விசிலு வராது. புதுசு வாங்கியாந்து மாட்டுறேன், அப்பால பாக்கலாம்."

வசந்தி முகம் சுருங்கிப் போனாள். அவள் போனதும் நான் கேட்டேன்.

"அவளுக்கு எது வேணும்னு உனக்குத் தெரியுமில்லக்கா? வாயால சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் சொன்னா?" என்று அக்கா உலையைக் கிளறினாள். "அவ அப்பனாண்ட போயி, சமையக்காரி சொன்னான்னு சொல்லுவாளா? தொரத்தி அடிப்பான். சீட்டு சொல்ச்சுன்னா ஊட்டாண்ட பேச ஒரு வார்த்த கெடைக்கும். புரியுதா லேபிளு?"

புரிந்தது. நான் கண்டுபிடித்ததாக நினைத்ததில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டேன். மத்தியானம் அக்கா ஸ்டோர் ரூமில் தூங்கும் நேரம் பார்த்துக் கட்டை எடுத்தேன். டிபன் பாக்ஸ் மூடியை ஆயுளுக்கும் மஞ்சளாக்கும் எங்கள் சாம்பார் அந்தச் சீட்டில் மட்டும் ஒட்டவில்லை. துடைத்தால் பளிச்சென்று போய்விட்டது. கடைசியில் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து, ஆட்டின் ராணியின் முதுகில் கட்டைவிரலால் ஒற்றினேன். சாம்பார் சொட்டுக்குப் பதில் வசந்தியின் பழுப்பு நெயில் பாலிஷ். எண்ணெய்ப் பொட்டுக்கு நிறமில்லாத பாலிஷ். இஸ்பேடு ஆஸை அடுப்பில் காட்டியதும் ஓரம் அழகாகச் சுருண்டது. மற்றதற்கெல்லாம் ஊக்கால் ஒரு கீறல். எட்டுச் சீட்டையும் மொட்டை மாடி வெயிலில் வரிசையாக வைத்துக் காவல் இருந்தேன். துணி எடுக்க வந்த வார்டன் மேடம் நின்று பார்த்தார்.

"என்னம்மா இது?"

"காய வெச்சிருக்கேன் மேடம்."

"காஞ்சதும் எடுத்துடு. காத்துல பறந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. குக்கர் ஏறியது. அக்கா கட்டைக் கலைத்தாள். பாதியில் கை நின்றது. ஒரு சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தட்டு கழுவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"கேஸ்கட்டு சரியாயிட்ச்சு போல கீது" என்றாள்.

மூன்றாவது விசிலுக்குக் கிளாவர் ராஜா வந்தார். வசந்தி அங்கேயே போன் போட்டாள்.

"அப்பா, சீட்டுல வந்துடுச்சுப்பா. வேலைக்குப் போகச் சொல்லுது."

"எந்தச் சீட்டு?"

"கிளாவர் ராஜா."

அவள் அப்பா ஊரில் சீட்டாடுகிறவர். "ராஜாவேவா?" என்றார். "சரி, அப்ப போ."

வசந்தி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்ததில் பருப்பு அடிப்பிடித்தது. அன்று யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பூந்தமல்லி போய்விட்டுச் சாயந்திரம் வந்தாள். பை கனமாகத்தான் இருந்தது. குக்கரை ஏற்றினாள். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு கேள்வி கேக்கணும்க்கா."

"ஆங்! லேபிளுக்கே சீட்டா? இன்னா, மாப்ளையா?"

"உனக்குப் பாக்கணும். இந்த முறுக்கு யாருக்குன்னு எனக்குத் தெரியாது. அது ஏன் திரும்பி வருதுன்னும் தெரியாது. வராம இருக்குமான்னு கேக்கணும்."

அக்கா முறுக்குப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். முதல் விசில் வந்துவிட்டது.

"என் பொண்ணு" என்றாள். "அப்பன் ஊட்ல கீறா. நான் சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்னு கோவம். நான் போனா கதவாண்ட வந்து நிப்பா. தொறக்க மாட்டா. தாவணி மட்டும் ஜன்னல்ல தெரியும்."

நாலு வருடமாக அந்த முறுக்கைத் தின்று, உப்பு தூக்கல் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு நானே பாத்துக்க மாட்டேன்னு தெரியுமில்ல?"

"நீ பாக்க வேணாம். நான் எடுக்கறேன். நீ வெட்டு."

அக்கா இடது கையால் வெட்டினாள். நான் பரப்பினேன். மஞ்சள் கட்டைவிரல் தடம் வலது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அவளுக்கும் அது தெரிந்தது. என் கை அங்கே போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. மூன்றாவது விசிலுக்குத் திருப்பினேன்.

"ஆட்டின் ராணி. கதவு தெறக்கும்க்கா."

"எப்போ?" என்றாள் அக்கா, சின்னப் பெண் மாதிரி.

"தேதி கேக்கக் கூடாதுக்கா."

சீட்டின் முதுகில் இருந்தது என் கட்டைவிரல் மஞ்சள்தான். நானே குழைத்து, நானே ஒற்றி, நானே வெயிலில் காய வைத்தது. இருந்தும் அந்த நிமிடம் ஆட்டின் ராணியை நான் முழுக்க நம்பினேன். அக்காவும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். வெங்காயக் கூடையை நடுவில் இழுத்து வைத்து, "கேட்டது நீ, உரி" என்றாள். "பலன் உனக்கு, நீ உரி" என்றேன். கடைசியில் இரண்டு பேருமாக உரித்தோம்.

அதற்குப் பிறகும் பல ஞாயிறுகள் முறுக்கு தின்றோம். ஆடி மாதம் ஒரு சாயந்திரம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்து வந்தாள். ராத்திரி முறுக்கு எங்கே என்று ஹாஸ்டலே கூச்சல் போட்டது. நான் மட்டும் வெறும் சாம்பாரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.